ஊற்றுக்கண்ணும் ஊர்வாயும்

"அப்பா, இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒருத்தர்கூடவா அவர்கிட்ட சொல்லல?"

இரண்டாவது படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது மகள் கேட்ட கேள்வி இது. பதில் சொல்ல ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பாதியை முழுசாக்கத்தான் இந்தப் பதிவு. சினிமா விமர்சனம் எனக்குப் பழக்கமில்லை. பிழைப்பு மென்பொருள். நிலத்தடி நீர் பற்றிப் படிப்பது சில வருஷங்களாக ஒட்டிக்கொண்ட கிறுக்கு. அந்தக் கிறுக்கோடு ஒரு படத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் பழசு. க்ளோத் பெர்ரி இயக்கி 1986-ல் வெளியான 'ஜான் த ஃப்ளோரெட்', அதே வருஷம் வந்த அதன் தொடர்ச்சி 'மனோன் தே சூர்ஸ்'. இரண்டாவது பெயருக்கு 'ஊற்றுகளின் மனோன்' என்று அர்த்தம். மூலக்கதை மார்செல் பான்யோலுடையது. அவரே 1952-ல் மனோன் கதையைப் படமாக எடுத்தார். பத்து வருஷம் கழித்து, முன்கதையையும் சேர்த்து இரண்டு பாக நாவலாக எழுதினார். பெர்ரி அந்த நாவலைத்தான் எடுத்தார். தென் பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதி, வெயிலில் வெந்த சுண்ணாம்புக்கல் மலைகள், நடுவில் ஒரு சின்ன ஊர்.

கதையை முழுக்கச் சொல்லாமல் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தாலும் சரி, அப்படியே படித்தாலும் சரி. தெரிந்த பிறகு பார்த்தாலும் கெட்டுப்போகிற படங்கள் அல்ல.

கதை

ஊரில் பெரிய கை சேசர் சூபேரான். எல்லாரும் 'பாப்பே' என்று கூப்பிடுகிற கிழவர். ஈவ் மோந்தான் நடித்திருக்கிறார். அவருடைய வாரிசு உகோலன் (தானியல் ஓத்தோய்) கார்னேஷன் பூ வளர்த்து சம்பாதிக்க நினைக்கிறான். அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். பக்கத்து நிலத்தில் ஊற்று இருக்கிறது. நிலத்துக்காரன் விற்க மாட்டேன் என்கிறான், கைகலப்பில் செத்தும்போகிறான். நிலம் வாரிசுக்குப் போகிறது. அந்த வாரிசுதான் ஜான், கூன் விழுந்த முதுகோடு நகரத்திலிருந்து மனைவியையும் சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வரும் வரி வசூல் அலுவலர். நடித்தவர் ஜெரார் தெபார்தியூ.

ஜான் வருவதற்கு முன்பே பாப்பேயும் உகோலனும் அந்த ஊற்றுக்கண்ணைத் தோண்டி, சிமெண்ட் வைத்து அடைத்து, மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். தன் நிலத்தில் ஊற்று இருப்பதே ஜானுக்குத் தெரியாது. முயல் வளர்க்கத் திட்டம் போடுகிறார், புத்தகம் புத்தகமாகப் படிக்கிறார், தொலைவிலிருந்து தண்ணீர் சுமக்கிறார். மழை ஏமாற்றுகிறது. கடைசியில் கிணறு வெட்ட வெடி வைத்து, அந்த வெடியில் தெறித்த கல் பட்டு இறந்துபோகிறார். நிலம் மலிவாக பாப்பே கைக்கு வருகிறது. அடைப்பை எடுக்கிறார்கள், தண்ணீர் பீறிடுகிறது. ஒளிந்திருந்து அதைப் பார்த்துவிடுகிறாள் ஜானின் மகள் மனோன்.

இரண்டாவது படத்தில் அவள் வளர்ந்து மலையில் ஆடு மேய்க்கிறாள் (இமானுவெல் பெயார்). அந்த ஊற்று பற்றி ஊருக்கே தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியவருகிறது. தற்செயலாக ஒரு குகைக்குள் ஊர் நீரூற்றுக்குத் தண்ணீர் போகும் பாதையைக் கண்டுபிடிக்கிறாள். அதை அடைக்கிறாள். ஊர் வறள்கிறது. கடைசியில் பள்ளி ஆசிரியரோடு சேர்ந்து அவளே திறக்கிறாள், தண்ணீர் திரும்புகிறது. பாப்பேக்கு வந்து சேரும் தண்டனையை மட்டும் சொல்லாமல் விடுகிறேன்.

படம் எதைச் சரியாகப் பிடித்தது

முதலில் மௌனம்.

நம்ம ஊரில் 'உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது' என்பார்கள். இந்தப் படத்தில் யாரும் மூடச் சொல்லாமலே ஊர்வாய் தானாக மூடிக்கொள்கிறது. ஜானின் அம்மா ஃப்ளோரெட் இந்த ஊர்ப் பெண்தான். ஆனால் பக்கத்து ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். அதனால் அவள் மகன் அயலான். பாப்பேயைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. 'அடுத்தவன் விஷயத்தில் தலையிடக் கூடாது' என்ற கொள்கை கைவசம் இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஜான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

வறண்ட நிலத்தில் ஒரு ஊற்று இருக்கிறது என்ற தகவல், ஊற்றுக்குச் சமமான சொத்து. எங்கே கசியும், எந்த மாசத்தில் குறையும், எந்த வறட்சியில் நின்றது, எது நிற்கவே இல்லை என்பதெல்லாம் பெரும்பாலும் வரைபடத்தில் இருக்காது. வயசானவர்கள் தலைக்குள் இருக்கும். அந்தத் தகவலை நிறுத்தினால் தண்ணீரை நிறுத்தின மாதிரிதான். ஜானைக் கொன்றதில் பாதிப் பங்கு சிமெண்டுக்கு, பாதிப் பங்கு மௌனத்துக்கு.

இங்கே சட்டத்தையும் பார்க்கலாம். பிரெஞ்சு குடிமைச் சட்டத் தொகுப்பின் 642-வது பிரிவு ஊற்றுகளைப் பற்றியது. தன் நிலத்தில் ஊற்று இருப்பவர் தன் நிலத்தின் தேவைக்கு அதை விருப்பம்போலப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு ஊருக்கோ குக்கிராமத்துக்கோ அத்தியாவசியமான தண்ணீரை அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. நல்ல சட்டம். பலரை ஒருவரிடமிருந்து காப்பாற்றத் தெரிந்த சட்டம். ஆனால் இந்தக் கதையில் முதலில் நடப்பது தலைகீழ். ஊற்று ஒருவருடையது, அவருக்கு அது தெரியாது, தெரிந்தவர்கள் பலர். தனக்கு உரிமை இருப்பதே தெரியாதவருக்கு எந்தச் சட்டமும் உதவாது.

இரண்டாவதாக, சராசரி. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஜான் முட்டாள் இல்லை. பழைய மழைக் கணக்கை எல்லாம் வைத்துக்கொண்டு, இத்தனை தண்ணீர் வரும், இத்தனை முயல், இத்தனை தீவனம் என்று கணக்குப் போடுகிறார். நான் வேலையில் போடும் கெபாசிட்டி பிளானிங் மாதிரியே இருக்கிறது. நாங்களும் ஒரு காலத்தில் சராசரி லோடுக்கு சர்வர் வாங்கி, பண்டிகை நாளில் மாட்டிக்கொண்டவர்கள்தான். வறண்ட நிலத்தில் சராசரி மழை என்பது, பல மோசமான வருஷங்களையும் சில வெள்ள வருஷங்களையும் சேர்த்து வகுத்தால் வரும் எண். அந்த எண் அளவுக்குச் சரியாகப் பெய்கிற வருஷம் அபூர்வம். அந்த மாதிரி இடத்தில் ஊற்றின் மதிப்பே, நல்ல வருஷத்து மழையைப் பாறைக்குள் பிடித்துவைத்து மோசமான வருஷத்தில் விடுவதில்தான் இருக்கிறது. ஜானிடம் சராசரி இருந்தது. சராசரியின் குறையை ஈடுகட்டும் ஒரே பொருளை அவரிடமிருந்து மறைத்துவிட்டார்கள்.

மூன்றாவது, பாறை. புரோவான்ஸ் மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணில் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறை விரிசல்களில் இறங்கி அவற்றை மெல்ல அரிக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷங்களில் விரிசல் குழாயாகிறது, குழாய் குகையாகிறது. அதனால்தான் மேலே கட்டாந்தரையாகக் காய்ந்து கிடக்க, கீழே தண்ணீர் ஓடுகிறது. இதே புரோவான்ஸில் ஃபோன்தேன் த வோக்ளூஸ் என்று ஒரு ஊற்று இருக்கிறது. மலையடிவாரத்துக் குகையிலிருந்து ஒரு ஆறே பிறக்கிறது. அந்தக் குழி 300 மீட்டருக்கும் அதிக ஆழம். இந்த வகை ஊற்றுகளுக்கு நிலவியலில் பெயரே அதை வைத்துத்தான் வந்தது. ஆக, ஒரு குகைப் பாதையை அடைத்தால் தொலைவில் ஊர் நீரூற்று நிற்கும் என்பது கதைக்காகக் கட்டினது மட்டும் அல்ல. இந்தப் பாறையில் அது நடக்கக்கூடியது.

எங்கே எனக்கு இடிக்கிறது

முதலில் ஒரு சின்ன ஆட்சேபம். ஊற்றை அடைத்தால் தண்ணீர் மறைந்துவிடாது. மேலே மழை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அடைப்புக்குப் பின்னால் மட்டம் ஏறும், அழுத்தம் கூடும். தண்ணீர் வேறு விரிசலைத் தேடும், பத்தடி தள்ளி ஒரு ஈரத்திட்டு தெரியும், கோடையிலும் பச்சையாக ஒரு புல்பட்டை நிற்கும். ஜான் மாதிரி ஊன்றிப் பார்க்கிற ஆள் அதை வருஷக்கணக்கில் கவனிக்காமல் இருப்பாரா? படம் இந்தக் கேள்விக்குள் போவதே இல்லை. சரி, கதை. விட்டுவிடலாம்.

பெரிய ஆட்சேபம் வேறு. இந்தப் படங்கள் ஊற்றை ஒரு குழாய் மாதிரி நம் மனதில் பதியவைக்கின்றன. ஒரு கை அடைக்கிறது, ஒரு கை திறக்கிறது. குற்றவாளி ஒருவர், குற்றம் நடந்த இடம் ஒன்று, அடைப்பைப் பிடுங்கினால் நீதி. கடைசியில் ஊர் நீரூற்றில் தண்ணீர் திரும்பும் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் நிஜத்தில் வறண்ட நிலத்து ஊற்றுகள் இப்படிச் சாகவில்லை, இப்படி மீளவும் இல்லை. பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்.

மென்பொருள்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஊற்று நிற்பது என்பது கிராஷ் ஆன இடம். பக் அங்கே இருக்காது. மெமரி லீக் எங்கோ பல ஃபைல் தள்ளி, பல மாசம் முன்பே தொடங்கியிருக்கும். கிராஷ் ஆன வரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் விடியாது.

மூன்று நிஜ ஊற்றுகளைச் சொல்கிறேன்.

ஃபோர்ட் ஸ்டாக்டன்

மேற்கு டெக்சஸின் வறண்ட சமவெளியில் கமான்சி ஊற்றுகள். பழங்குடிகளின் பயணப்பாதை அதைத் தொட்டுத்தான் போனது. 1859-ல் ராணுவம் முகாம் போட்டதும் அந்தத் தண்ணீருக்காகத்தான். பின்னால் அந்த ஊற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, பல பத்தாண்டுகள் விவசாயம் நடந்தது. ஒரு பாசன மாவட்டமே அதை நம்பி இருந்தது.

பிறகு ஊருக்கு மேற்கே நிலம் வைத்திருந்தவர்கள், கிளேட்டன் வில்லியம்ஸ் உள்பட, ஆழ்துளைக் கிணறு போட்டுப் பெரிய பம்புகளால் இறைக்க ஆரம்பித்தார்கள். ஊற்று குறைந்தது. பாசன மாவட்டம் வழக்குப் போட்டது. 1954-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு பம்பு வைத்தவர்கள் பக்கம் வந்தது. டெக்சஸில் 1904 முதல் இருக்கும் விதி, உன் நிலத்துக்கு அடியில் இருப்பதை நீ எடுத்துக்கொள்ளலாம், அதனால் அடுத்தவன் தண்ணீர் வற்றினாலும் நீ பொறுப்பில்லை என்பது. நம்ம வார்த்தையில் 'பிடித்தவனுக்கே சொந்தம்'. 1961-ல் ஊற்று நின்றுபோனது. அந்த ஊற்றின் பெயரையே தாங்கிய ஒரு சின்ன மீன் இனம், கமான்சி ஊற்று பப்ஃபிஷ், அந்த ஊற்றிலேயே இல்லாமல் போனது. மேற்கே பால்மோரியா பகுதியின் ஊற்றுகளில்தான் இப்போது பிழைத்திருக்கிறது.

இந்த ஊரில் பாப்பே மாதிரி யாரும் இரவில் சிமெண்ட் குழைக்கவில்லை. பட்டப்பகலில், சட்டப்படி, தன் நிலத்தில் தன் பம்பை ஓட்டினார்கள். ஊற்றுக்கண்ணை யாரும் தொடவே இல்லை.

ஒரு விஷயம் கவனிக்கணும். 1980களிலிருந்து சில குளிர்காலங்களில் அந்த ஊற்று மறுபடி ஓடியிருக்கிறது. காரணம் எளிது. குளிர்காலத்தில் பாசனப் பம்புகள் ஓய்வெடுக்கின்றன, கீழே மட்டம் ஏறுகிறது, ஊற்று எட்டிப்பார்க்கிறது. பாசனம் தொடங்கியதும் போய்விடுகிறது. ஊற்று சாகவில்லை என்பதற்கும், யார் அதைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பதற்கும் இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஒரு செப்பு வாஷர்

நெவாடாவின் அமர்கோசா பாலைவனத்தில் டெவில்ஸ் ஹோல் என்று ஒரு பாறைப் பிளவு, உள்ளே தண்ணீர். அடியை இன்னும் யாரும் பார்க்கவில்லை. அதில் ஒரு ஓரமாக, தண்ணீருக்குச் சற்றுக் கீழே, ஒரு பாறைத் திண்ணை. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத, விரல் அகல மீன் ஒன்று முட்டையிடுவது அந்தத் திண்ணையில்தான். 1952-ல் அந்த இடத்தை டெத் வேலி தேசிய நினைவிடத்தோடு சேர்த்தார்கள்.

1968-ல் பக்கத்துப் பண்ணை ஒன்று, இரண்டரை மைல் தொலைவில், பம்பு போட ஆரம்பித்தது. டெவில்ஸ் ஹோலில் மட்டம் இறங்கியது. திண்ணை வெளியே தெரிய ஆரம்பித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1976-ல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. அரசு ஒரு இடத்தை ஒதுக்கும்போது அதன் நோக்கத்துக்குத் தேவையான தண்ணீரையும் சேர்த்தே ஒதுக்கியதாக அர்த்தம். நீங்கள் பம்பு போட்டது அதற்குப் பின்னால். எனவே கட்டுப்படுத்தலாம். மீனுக்குத் தேவையான மட்டம் வரை மட்டும்.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த பாத்திரம் நீதிபதி அல்ல, ஒரு செப்பு வாஷர். 1962-ல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை அந்தப் பாறைச் சுவரில் அதைப் பொருத்தி, அங்கிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று குறித்துவந்தது. 1968 வரை 1.2 அடி. 1972-ல் 3.93 அடி. பம்பு வருவதற்கு ஆறு வருஷம் முன்பே அளவு இருந்ததால், 'முன்பும் இப்படித்தான் இருந்தது' என்று யாரும் வாதாட வழியில்லை. கடைசியில் நீதிமன்றம் வைத்த எல்லையும் அந்த வாஷரிலிருந்துதான், 2.7 அடி. அதற்குக் கீழே போகக் கூடாது.

இது முழு வெற்றிக் கதை இல்லை. 2013 வசந்தத்தில் எண்ணியபோது 35 மீன்தான் இருந்தன. ஆனால் தண்ணீர் இருக்கிறது. அது இருப்பதால்தான் மீனைப் பற்றி இன்னும் பேச முடிகிறது.

மனோன் படத்தில் ஊர் நீரூற்று நின்றதும் அரசாங்கப் பொறியாளர் ஒருவர் வந்து ஊர்க்கூட்டத்தில் நீளமாக விளக்குகிறார். ஊர்க்காரர்களுக்குத் தெரியவேண்டியது தண்ணீர் எப்போது வரும் என்பது மட்டும். அதற்கு அவரிடம் பதில் இல்லை. அரங்கமே சிரிக்கிற காட்சி, நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த மனுஷன் மேல் மட்டும் தப்பு இல்லை. அத்தனை தலைமுறையாக அந்தத் தண்ணீரைக் குடித்த ஊரில், ஒரு வாளியை வைத்து அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எழுதிவைத்ததாக யாரும் சொல்லவில்லை. லாக் இல்லாத சிஸ்டத்தை டீபக் செய்யச் சொன்னால் யாராக இருந்தாலும் சொற்பொழிவுதான் ஆற்றுவார்கள்.

ஆஸ்திரேலியா: அடைப்பதே வைத்தியம்

மூன்றாவது, படத்துக்கு நேர் தலைகீழான கதை. ஆஸ்திரேலியக் கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் என்ற நிலத்தடி நீர்ப்படுகை விரிந்திருக்கிறது. பாறை அடுக்குகளுக்கு நடுவே அழுத்தத்தில் மாட்டிக்கொண்ட தண்ணீர், சில இடங்களில் பத்து லட்சம் வருஷத்துக்கும் மேல் பழசு. அந்த அழுத்தம் பலவீனமான இடங்களில் மேலே தள்ளி, பாலைவனத்தின் நடுவில் ஊற்றுகளாக வருகிறது. தண்ணீரில் இருக்கும் தாது படிந்து படிந்து சின்ன மேடாகவே ஆகிவிடும். பழங்குடி மக்களின் பாதைகள் அந்த ஊற்று வரிசையை ஒட்டிப் போயின. பின்னால் வந்த தந்திக் கம்பியும் ரயில் பாதையும் அதே வரிசையைத்தான் பிடித்துக்கொண்டன.

1878-ல் நியூ சவுத் வேல்ஸில் பர்க் அருகே முதல் போர் போட்டார்கள். பம்பே வேண்டாம், தண்ணீர் தானாகப் பீய்ச்சியது. அப்புறம் ஆயிரக்கணக்கில் போட்டார்கள். பலவற்றுக்கு மூடியே கிடையாது. இரவும் பகலும் ஓடி, திறந்த மண் வாய்க்காலில் பல கிலோமீட்டர் போய் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் காட்டியது. அந்த வாய்க்கால்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகவும் மண்ணுக்குள்ளும் போனது. படுகையின் அழுத்தம் இறங்கியது. எங்கோ தொலைவில் ஊற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கின.

1999 முதல் 2017 வரை அங்கே மத்திய, மாநில அரசுகளும் நிலத்துக்காரர்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு திட்டம் நடத்தினார்கள். வேலை இரண்டே இரண்டு. திறந்து ஓடும் போர்களுக்கு மூடி போடுவது, வாய்க்காலை மூடிய குழாயாக மாற்றுவது. பல பகுதிகளில் அழுத்தம் திரும்ப ஏறியது, சில ஊற்றுகளுக்கு உயிர் வந்தது.

படத்தில் ஊற்றைக் காப்பாற்றுவது என்றால் ஒரு அடைப்பைப் பிடுங்குவது. இங்கே ஊற்றைக் காப்பாற்றுவது என்றால் நூற்றுக்கணக்கான திறந்த வாய்களை அடைப்பது. அந்த வாய்கள் ஊற்றுக்குப் பக்கத்தில்கூட இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர், அவருக்கு ஒரு நியாயம், அவருக்கு உண்மையாகவே தண்ணீர் தேவை. பாப்பே மாதிரி ஒரு வில்லன் கிடைத்தால் வேலை சுலபம். கிடைக்க மாட்டார்.

ஊற்றை மீட்கிறோம் என்று நல்ல மனசோடு இறங்குபவர்கள் பலர் முதலில் செய்வது ஊற்றுக்கண்ணிலேயே கை வைப்பது. இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள், சுற்றிக் கான்கிரீட் தொட்டி கட்டுவார்கள். சேற்றை எடுப்பதும், மாடு மிதிக்காமல் வேலி போடுவதும், கழிவு கலக்காமல் பார்ப்பதும் அவசியம்தான். ஆனால் வாய் தோண்டுவதால் வயிறு நிறையாது. ஊற்றின் தண்ணீர் எங்கே உள்ளே இறங்குகிறது என்று முதலில் தெரியணும். சிக்கிமில் 2008-ல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டம் இதைத்தான் செய்தது. அது மழை அதிகமான மலை, வறண்ட நிலம் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். ஊற்றை விட்டுவிட்டு, பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, மேலே தண்ணீர் இறங்கும் சரிவில் அகழி வெட்டினார்கள். பல இடங்களில் அந்தச் சரிவு வேறு ஒருவர் நிலத்தில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் பழந்தண்ணீருக்கோ அகழி உடனே ஒன்றும் செய்யாது. அங்கே செலவைக் குறைப்பதுதான் வழி. எந்த ஊற்று எந்த வகை என்று தெரியாமல் வைத்தியம் செய்யக் கூடாது.

மறுபடி மகளின் கேள்வி

அப்படியானால் படம் தப்பா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நீரியல் பாடமாக அது வழி தவறவைக்கும். ஊர் பாடமாக அது அசாத்தியம். ஊற்றை அடைத்தது இரண்டு பேர், ஆனால் அந்த அடைப்பை வருஷக்கணக்கில் பிடித்துவைத்திருந்தது ஊரே. மனோன் பழிவாங்கும்போது பாப்பே வீட்டுத் தண்ணீரை மட்டும் நிறுத்தாமல் ஊர்த் தண்ணீரையே நிறுத்துகிறாள். முதலில் பார்த்தபோது அது அநியாயமாகத் தெரிந்தது. இந்தத் தடவை அப்படித் தெரியவில்லை. குழந்தைகளும் குடிக்கிற தண்ணீர் என்பதால் முழுசா ஏற்கவும் முடியவில்லை. படமும் அவளையே திறக்கவைக்கிறது.

மகளுக்குப் பதில் சொல்லும்போது நான் பாதியில் நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். நாலு வருஷம் முன்பு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது போர் போட முடிவெடுத்தார்கள். முதல் போரைவிட இரண்டு மடங்கு ஆழம். காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு, ஒரு பாட்டி, ஒரு திறந்த கிணறு. அந்தத் தெருவில் கோடையில் வற்றாத கிணறு அது ஒன்றுதான். லாரி வராத நாட்களில் எங்கள் வாட்ச்மேன் குடும்பமே அங்கேதான் தண்ணீர் எடுக்கும். அசோசியேஷன் கூட்டத்தில் நான் இருந்தேன். நிலத்தடி நீர் பற்றி அந்த அறையில் நாலு பக்கமாவது படித்திருந்த ஆள் நான் ஒருவன்தான். அந்தக் கிணறு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் தண்ணீர் இல்லை, மணி ஒன்பது ஆகிவிட்டது, செகரெட்டரி ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். கை தூக்கச் சொன்னபோது தூக்கினேன்.

அடுத்த கோடையில் பாட்டி கிணறு வற்றியது. எங்கள் போர்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த வருஷம் மழையும் கம்மி, தெருவில் வேறு போர்களும் வந்தன. ஆனால் இதைத்தானே ஃபோர்ட் ஸ்டாக்டனில் ஒவ்வொருவரும் சொல்லியிருப்பார்கள்? முன்பு எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது என்று யாரிடமும் கணக்கு இல்லை. எங்கள் சுவரில் செப்பு வாஷர் எதுவும் இல்லை.

போன மாசம் அசோசியேஷனில் அனுமதி வாங்கி, இரண்டு போர்களிலும் நீர்மட்டம் அளக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு நீளமான டேப், நுனியில் ஒரு எடை, ஞாயிறு காலை பம்பு போடுவதற்கு முன். பாட்டியிடமும் போய், அவங்க கிணற்றையும் அளக்கலாமா என்று கேட்டேன். "வத்தின கெணத்துல என்னத்தப்பா அளக்கப் போற?" என்றார். நாலு வருஷத்துக்கு முன் நடந்த கூட்டத்தைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, வந்து அளந்துக்கோ" என்றார்.

மூன்று எண்களும் இப்போது லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒவ்வொரு வாரமும் எழுதப்படுகின்றன. எழுதுவது என் மகள்.